வேலூர் பக்கம் ஜிபிஎஸ் அளவும் பழைய டோட்டல் ஸ்டேஷன் தூண்களும்: எந்தக் கல்லை விலக்குவது?

பாலாற்றுத் தென்கரை:

வணக்கம். வேலூரிலிருந்து காட்பாடி போகும் பாலாற்றுப் பாலத்துக்குக் கிழக்கே, தென்கரையில் சுமார் 1.7 கி.மீ.க்கு 1 கி.மீ. இடம். தீர்க்கரேகை 79°08′ அருகில். அங்கே டோட்டல் ஸ்டேஷனில் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) குளோஸ்டு டிராவர்ஸ் (தொடங்கிய புள்ளிக்கே திரும்பும் அளவைத் தொடர்) ஓட்டி நட்ட ஐந்து தூண்கள் இருக்கின்றன. ஆயத்தொலைவு 5000, 5000 என்று தொடங்கியது. உயரத்துக்கு 100.000 என்று வைத்துக்கொண்ட பிஎம் (உயரக் குறிக்கல்). இப்போது அதே ஐந்திலும் ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள்) ஸ்டாட்டிக் அளவு (ஒரே இடத்தில் நெடுநேரம் நிறுத்தி) எடுத்து யுடிஎம் 44 என்ற வரைபடக் கட்டத்தில் ஆயத்தொலைவு வந்திருக்கிறது. லோக்கலிலிருந்து யுடிஎம்முக்கு 4 பாராமீட்டர் மாற்றம் (கிழக்கு நகர்வு, வடக்கு நகர்வு, சுழற்சி, ஒரு ஸ்கேல்) போட்டேன்.

கே1 வடமேற்கு, கே2 வடகிழக்கு, கே3 தென்கிழக்கு, கே4 தென்மேற்கு, கே5 ஏறக்குறைய நடு. ரெசிடுவல் (பொருத்திய பிறகு மிஞ்சும் வித்தியாசம்) மி.மீ. கணக்கில், கிழக்கு முதலில், வடக்கு அடுத்து:

கே1: −16, +29
கே2: +4, −1
கே3: −15, −10
கே4: +38, −23
கே5: −11, +5

ஸ்கேல் 1.000077. எனக்குச் சொல்லப்பட்ட வரம்பு 25 மி.மீ. கே1-க்குப் பக்கத்தில் வேப்பமரம் இருப்பதால் அதை நீக்கிப் பார்த்தேன். மீதி நான்கும் 22 மி.மீ.க்குள் வந்துவிட்டது, ஸ்கேல் 1.000063. இதையே எடுத்துக்கொள்ளலாமா?

ஜவ்வாது 57பி:

எடுத்துக்கொள்ளாதீர்கள். ரெசிடுவலைப் பார்ப்பதற்கு முன் ஸ்கேலைப் பாருங்கள். அந்த எண்ணை மென்பொருள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே நாமே கணக்கிட்டு வைத்திருக்க வேண்டிய எண் அது.

யுடிஎம் 44-இன் மத்திய தீர்க்கரேகை 81°. உங்கள் இடம் அதற்கு மேற்கே 1°52′. இந்த அட்சரேகையில் ஒரு பாகை தீர்க்கரேகை சுமார் 108.5 கி.மீ., ஆக 202.6 கி.மீ. தூரம். அதைப் புவியின் ஆரம் 6,359 கி.மீ.யால் வகுத்து, வர்க்கமாக்கி, பாதியாக்கினால் 0.000507. ஒன்றைக் கூட்டி 0.9996-ஆல் பெருக்கினால் 1.000107. இது எலிப்சாய்டு (புவியின் கணித மாதிரியான நீள்கோளம்) மேற்பரப்பிலிருந்து யுடிஎம் கட்டத்துக்கு.

தரையிலிருந்து எலிப்சாய்டுக்கு இறங்க இன்னொரு திருத்தம். வேலூர் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 216 மீட்டர் அளவில் இருக்கிறது. இங்கே போடவேண்டியது அந்த 216 இல்லை. ரோவர் (கையோடு கொண்டுபோகும் ஜிபிஎஸ் கருவி) திரையில் காட்டும் எலிப்சாய்டு உயரத்தைப் போட வேண்டும். நம் பகுதியில் ஜியாய்டு (கடல்மட்டப் பரப்பு) எலிப்சாய்டுக்கு 90 மீட்டர் அளவில் கீழே இருப்பதால் அது 125 அருகில் வரும். 125-ஐ 63,59,000-ஆல் வகுத்தால் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு), அதைக் கழிக்க வேண்டும். கடல்மட்ட உயரத்தைப் போட்டால் 14 பிபிஎம் தேவையில்லாமல் கூடுதலாகக் கழிந்துவிடும்.

ஆக, உங்கள் இடத்தில் தரைத் தூரத்தை யுடிஎம் தூரமாக மாற்றும் ஸ்கேல் 1.000087. டிராவர்ஸ் ஒழுங்காக அளக்கப்பட்டிருந்தால் இதைச் சுற்றித்தான் வரவேண்டும். ஐந்து புள்ளியோடு 10 பிபிஎம் குறைவாக வந்தது. கே1-ஐ நீக்கியதும் 24 பிபிஎம் குறைவாக வந்திருக்கிறது, 1.7 கி.மீ.க்கு 4 செ.மீ. ரெசிடுவல் அழகாகி, ஸ்கேல் கெட்டுப்போயிருக்கிறது. நல்ல புள்ளியை வெளியே தள்ளிவிட்டுக் கெட்ட புள்ளியை உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். கே4-ஐ நீக்கிப் பாருங்கள்.

பழைய வட ஆற்காடு முழுக்க வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தகவல். யுடிஎம் ஸ்கேல் இங்கே ஊருக்கு ஊர் மாறும். அரக்கோணத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 செ.மீ. குறைவு. ராணிப்பேட்டையில் கிட்டத்தட்ட சுழி. வேலூரில் 11 செ.மீ. கூடுதல். ஆம்பூரில் 36, திருப்பத்தூரில் 46. இவை உயரத் திருத்தத்துக்கு முந்தைய எண்கள். வேலூரருகில் ஒரு கி.மீ. மேற்கே நகர்ந்தால் 5 பிபிஎம் ஏறும். ராணிப்பேட்டையில் சரியாக உட்கார்ந்த ஒரு கேலிப்ரேஷன் (ஜிபிஎஸ் அளவை லோக்கல் புள்ளிகளோடு பொருத்திய) கோப்பை அப்படியே ஆம்பூருக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ப்ரிஸம் கம்பம்:

ஜவ்வாது சார் கணக்கு சரி. ஆனா ஒண்ணு சேர்த்துக்குங்க. அந்த 1.000087 வரணும்னா டோட்டல் ஸ்டேஷன்ல வெப்பநிலை, காற்றழுத்தம் சரியா போட்டு அளந்திருக்கணும். நிறைய பேர் கருவிய வாங்கின நாள்ல இருந்த செட்டிங்கை மாத்தறதே இல்லை.

கணக்கு எளிசு. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 1 பிபிஎம், 3.5 ஹெக்டோபாஸ்கலுக்கு 1 பிபிஎம். கருவி 15 டிகிரி, 1013-ல நிக்குது, வேலூர் அக்னி நட்சத்திரத்துல 42 டிகிரி, அழுத்தம் 985 அருகேன்னு வைங்க. 30 பிபிஎம்முக்கு மேல போயிடும். சூடான காத்துல ஒளி வேகமா போறதால கருவி தூரத்தைக் குறைச்சுக் காட்டும். அப்போ உங்க லோக்கல் நெட்வொர்க் சுருங்கியிருக்கும், மாற்றத்துல வர்ற ஸ்கேல் 1.000120-க்கு அந்தாண்ட போகும். அங்க போனா புள்ளி மேல சந்தேகப்படாதீங்க, ஃபீல்டு புக்குல வெப்பநிலை எழுதியிருக்கான்னு பாருங்க.

இன்னொண்ணு ப்ரிஸம் கான்ஸ்டன்ட், அதாவது ஒளியைத் திருப்பி அனுப்புற ப்ரிஸத்துக்கு ஏத்த நிலையான திருத்தம். கருவி ஒரு கம்பெனி, ப்ரிஸம் இன்னொரு கம்பெனின்னா 30 மி.மீ. அளவுக்குத் தப்பு வரும். இது தூரத்தோட வளராது, ஒவ்வொரு லெக்குக்கும் (டிராவர்ஸ்ல ஒரு கோடு) நிலையா 30 மி.மீ. ஆனா டிராவர்ஸ் லெக் எல்லாம் 200 மீட்டர் அளவுன்னா மாற்றத்துல 150 பிபிஎம் ஸ்கேல் மாதிரி வேஷம் போட்டு வரும். சோதனை ரொம்ப சுலபம்: ஒரே நேர்கோட்டுல மூணு புள்ளி, ஏ-பி, பி-சி, ஏ-சி அளங்க. முதல் ரெண்டோட கூட்டல் மூணாவதோட ஒத்துப்போகலைன்னா வித்தியாசம்தான் கான்ஸ்டன்ட் பிழை.

பாலாற்றுத் தென்கரை:

மிக்க நன்றி சார். ஃபீல்டு புக்கில் வெப்பநிலை, அழுத்தம் இரண்டும் நாள் தோறும் எழுதியிருக்கிறது, ப்ரிஸமும் கருவியோடு வந்ததே. கே4-ஐ நீக்கினேன். மீதி நான்கும் 5 மி.மீ.க்குள். ஸ்கேல் 1.000087. அந்த மாற்றத்தில் கே4-ஐ மட்டும் கொண்டுபோய் வைத்தால் ஜிபிஎஸ் நிலை கிழக்கே 68 மி.மீ., தெற்கே 41 மி.மீ. தள்ளி நிற்கிறது. ஆனால் முதல் ஓட்டத்தில் கே4-இன் ரெசிடுவல் 38-தானே காட்டியது? கே1 ஏன் 29 காட்டியது?

ஜவ்வாது 57பி:

லீஸ்ட் ஸ்கொயர்ஸின் (பிழை வர்க்கங்களின் கூட்டலைக் குறைந்தபட்சமாக்கும் கணக்கு) இயல்பு அது. ஒரு புள்ளியில் உள்ள பிழையை அந்தப் புள்ளியிலேயே விட்டுவைக்காது. மொத்த வலையையும் கொஞ்சம் நகர்த்தி, கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் சுருக்கி எல்லோர் தலையிலும் பங்கு போட்டுவிடும். உங்கள் அமைப்பில் கே4 ஓரப் புள்ளி. ஐந்து புள்ளி இருக்கும்போது அதன் பிழையில் 56 சதவீதம்தான் அதன் ரெசிடுவலாக வெளியே தெரியும். மீதி 44 சதவீதம் மாற்றத்துக்குள் கரைந்துவிடும். 79 மி.மீ. பிழை 44 மி.மீ.யாகத் தெரிந்தது அதனால்தான். வலை கே4-ஐ நோக்கித் திரும்பியதில் அடுத்த ஓரமான கே1-க்கு வடக்கில் 29 வந்து விழுந்தது.

கே1-ஐ நீக்கியபோது நடந்தது இன்னும் மோசம். மேற்குப் பக்கத்தில் கே4 மட்டும் தனியாக நின்றது. அதைக் கேள்வி கேட்க அங்கே வேறு ஆளில்லை. அப்போது அதன் பிழையில் 23 சதவீதம்தான் ரெசிடுவலாக வரும், 19 மி.மீ. மற்ற மூன்றும் 17 முதல் 22 வரை. எல்லாம் வரம்புக்குள், எல்லாம் ஒரே அளவு, பார்க்க நிம்மதியாக இருக்கும். உள்ளே 8 செ.மீ. பிழை அப்படியே உட்கார்ந்திருக்கும், வலை 6 விநாடி திரும்பி, 24 பிபிஎம் சுருங்கியிருக்கும். மூன்று புள்ளி, நான்கு புள்ளி வைத்துக்கொண்டு ரெசிடுவலை நம்புவது ஆபத்து என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். இரண்டே புள்ளி என்றால் 4 பாராமீட்டருக்கு ரெசிடுவல் எப்போதும் சுழி. அது துல்லியம் இல்லை, சோதிக்க எதுவுமில்லை என்று பொருள்.

நீக்குவதற்கு ஒரு ஒழுங்கு வையுங்கள். ஒவ்வொரு புள்ளியாக வெளியே எடுத்து, மற்றவற்றை வைத்து மாற்றம் கண்டு, எடுத்த புள்ளி எவ்வளவு தள்ளி விழுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்கேலையும் பக்கத்தில் எழுதுங்கள். மரம் இருக்கிறது என்பது ஒரு புள்ளியை நீக்கக் காரணம் ஆகாது, மறுபடி அளக்கத்தான் காரணம்.

கே4-இல் இப்போது இரண்டு வாய்ப்பு. ஒன்று ஜிபிஎஸ் அளவு கெட்டிருக்கலாம். இன்னொன்று டிராவர்ஸுக்குப் பிறகு தூண் நகர்ந்திருக்கலாம். கே3–கே4 தூரம் 1,500 மீட்டர் அளவு, கே1–கே4 856 அளவு. டோட்டல் ஸ்டேஷனை எடுத்துப்போய் இந்த இரண்டையும் மறுபடி அளங்கள். தூண் நகர்ந்திருந்தால் பழைய அளவைவிட கே3–கே4 சுமார் 7 செ.மீ. குறையும், கே1–கே4 சுமார் 5 செ.மீ. கூடும். பழைய அளவே வந்தால் தூண் நகரவில்லை, ஜிபிஎஸ் அளவில்தான் கோளாறு.

ப்ரிஸம் கம்பம்:

அந்த 1,500 மீட்டர் அளவை மத்தியானத்துல எடுக்காதீங்க. மணல் மேல கானல் ஆடும்போது ப்ரிஸமே நடுங்கும். காலைல சூரியன் ஏறுறதுக்குள்ள, ரெண்டு ஃபேஸ்லயும் (தொலைநோக்கியைப் புரட்டி ரெண்டு தடவை), ரெண்டு முனைல இருந்தும் அளங்க. வெப்பநிலையை நிழல்ல, தரைக்கு ஒன்றரை மீட்டர் மேல, ரெண்டு முனைலயும் பார்த்து சராசரி போடுங்க. 7 செ.மீ.யைத் தேடிப் போறோம். 30 பிபிஎம் விட்டா 1,500 மீட்டருக்கு நாலரை செ.மீ. அதுலயே போயிடும், என்ன கண்டுபிடிச்சோம்னே தெரியாது. கம்பத்தைக் கையில பிடிக்க வேண்டாம், ட்ரைபாடு, ட்ரிப்ராக் போட்டு நிறுத்துங்க. ஆப்டிகல் பிளம்மெட்டை (தரைக் குறிக்கு நேர் மேல நிறுத்தப் பார்க்கிற லென்ஸ்) 180 டிகிரி திருப்பிப் பாருங்க, குறி விலகினா முதல்ல அதைச் சரி பண்ணுங்க.

ஆம்பூர் ரோவர்:

ஜிபிஎஸ் பக்கம் என்ன கெட்டிருக்கலாம் என்று சொல்கிறேன்.

ஒரே தடவை நின்று எடுத்த அளவாக இருந்தால் அதை கன்ட்ரோலாக (மற்ற அளவுகளுக்கு அடிப்படைப் புள்ளியாக) கொள்ளக் கூடாது. இரண்டு தடவை, குறைந்தது இரண்டு மூன்று மணி நேர இடைவெளி, நடுவில் ட்ரைபாடைக் கலைத்து மறுபடி நிறுத்த வேண்டும். செயற்கைக்கோள்களின் அமைப்பு மாறினால்தான் மல்டிபாத் (எதிரொலித்து வரும் சமிக்ஞை) பிழையும் மாறும், வித்தியாசத்தில் பிடிபடும். தகரக் கொட்டகை, கம்பி வேலி, நின்றுகொண்டிருக்கும் லாரி, ஆற்றோரத் தடுப்புச் சுவர் எல்லாம் சமிக்ஞையைத் திருப்பி அனுப்பும். வேலூரில் கோட்டைக்குக் கிழக்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது. அடிவாரத்தில் கிழக்கு வானம் பாதி மறையும். அப்படிப்பட்ட இடத்தில் மாஸ்க் (தாழ்வான செயற்கைக்கோள்களை விலக்கும் கோணம்) 15 டிகிரி, பிடிஓபி (செயற்கைக்கோள் அமைப்பின் தர எண், குறைந்தால் நல்லது) 3-க்குள் இருக்கும் நேரத்தை முன்கூட்டிப் பார்த்துப் போக வேண்டும்.

பேஸிலிருந்து (நிலையாக நிற்கும் ஜிபிஎஸ் கருவி) 2 கி.மீ.க்குள் என்றால் ஸ்டாட்டிக் 30–40 நிமிடம் போதும் என்பார்கள். திறந்த வெளிக்கு அது சரி. மரம் பக்கத்தில் இருந்தால் ஒரு மணி நேரம் நில்லுங்கள். ஆர்டிகே (உடனுக்குடன் நிலை தரும் முறை) என்றால் ஃபிக்ஸ்டு (முழுத் துல்லிய நிலை) வந்ததும் பொத்தானை அழுத்தாமல் 180 எபோக் (பதிவு) எடுங்கள், பைபாடு (கம்பத்தைத் தாங்கும் இரண்டு கால்) கட்டாயம். 2 மீட்டர் கம்பத்தில் குமிழி அரை டிகிரி சாய்ந்தால் கீழே 17 மி.மீ. தள்ளும்.

ஆன்டெனா உயரம் இன்னொரு பெரிய ஓட்டை. சாய்வு உயரமா நேர் உயரமா, ஆன்டெனாவின் அடிப்பகுதி வரையா ஃபேஸ் சென்டர் (சமிக்ஞையைப் பிடிக்கும் மையம்) வரையா என்று மென்பொருளில் தேர்வு செய்ய வேண்டும். டேப்பில் மூன்று பக்கம் அளந்து எழுதுங்கள், தொடங்கும்போது ஒருமுறை, முடிக்கும்போது ஒருமுறை.

ஏலகிரி கான்டூர்:

எனக்கு ஒரு சந்தேகம். ஏன் இப்படி 4 பாராமீட்டர் என்று சுற்ற வேண்டும்? 7 பாராமீட்டர் போட்டால் உயரமும் சேர்ந்தே வந்துவிடுமே. டோப்போஷீட்டும் (நிலவரைபடத் தாள்) எவரெஸ்ட் என்ற பழைய எலிப்சாய்டில்தானே இருக்கிறது, ஒரே மாற்றத்தில் எல்லாவற்றையும் கட்டிவிடலாமே?

ஜவ்வாது 57பி:

இரண்டு தனிக் கேள்விகள். முதலில் 7 பாராமீட்டர்.

அதில் மூன்று நகர்வு, மூன்று சுழற்சி, ஒரு ஸ்கேல். சுழற்சி புவி மையத்தைச் சுற்றி. ஒரு விநாடி சுழற்சி என்றால் தரையில் 31 மீட்டர் நகர்வு. ஆனால் 2 கி.மீ. அகல இடத்துக்குள் அந்த ஒரு விநாடி உண்டாக்கும் வேறுபாடு 1 செ.மீ. மட்டுமே. அதாவது மென்பொருளால் ‘1 விநாடி திருப்பி எதிர்ப்பக்கம் 31 மீட்டர் நகர்த்து’ என்பதையும் ‘ஒன்றும் செய்யாதே’ என்பதையும் உங்கள் ஐந்து புள்ளிகளிலிருந்து பிரித்தறிய முடியாது. ஒரு புள்ளியில் 5 மி.மீ. மாறினால் நகர்வு பத்து இருபது மீட்டர் ஆடும். இடத்துக்குள் பொருந்தும், எல்லைக்கு வெளியே போகப் போகப் பிழை வளரும். உயரத்தில் 2 செ.மீ. பிழை இருந்தால் அது சுழற்சியாகி மாற்றத்துக்குள் கலந்துவிடும். சிறிய இடத்துக்குக் கிடைமட்டம் தனி, உயரம் தனி என்று பிரிப்பதே பாதுகாப்பு. மாவட்ட அளவில் நன்கு பரவிய புள்ளிகள் இருந்தால் 7 போடலாம். அப்போதும் சுழற்சியைப் புவி மையத்தில் வைக்காமல் புள்ளிகளின் நடுவில் வைக்கும் மொலோடென்ஸ்கி–படெகாஸ் முறை நல்லது.

7 பாராமீட்டரை வேறு ஒருவரிடமிருந்து வாங்கிப் போடும்போது சுழற்சியின் குறியைக் கேளுங்கள். பொசிஷன் வெக்டர், கோஆர்டினேட் ஃப்ரேம் என்று இரண்டு மரபு உண்டு. எண்கள் ஒன்றே, கூட்டல் கழித்தல் மட்டும் தலைகீழ். ஒரு விநாடி சுழற்சிக்குக் குறி மாறினால் 62 மீட்டர் தள்ளிப்போகும்.

அடுத்தது டோப்போஷீட். வேலூர் இருப்பது பழைய 57 பி (P)/1 தாளில். 1:50,000 என்றால் தாளில் அரை மி.மீ. தரையில் 25 மீட்டர். அதை வைத்துக் கன்ட்ரோல் கட்ட முடியாது, இடம் தேடலாம். எவரெஸ்ட்டிலிருந்து டபிள்யூஜிஎஸ் 84-க்கு (ஜிபிஎஸ் பயன்படுத்தும் அடித்தளம்) எல்லோரும் போடும் மூன்று எண்கள் 295, 736, 257 மீட்டர். இந்தியா, நேபாளம் முழுவதற்கும் பொதுவாகக் கொடுத்தவை. அந்த எண்களுக்கே 10 முதல் 15 மீட்டர் வரை ஐயப்பாடு உண்டு. வேலூருக்குக் கணக்கிட்டால் அட்சரேகை சுமார் 5 விநாடி கூடும், தீர்க்கரேகை சுமார் 5 விநாடி குறையும், மொத்தத்தில் தரையில் 200 மீட்டருக்குச் சற்று மேல். பழைய தாளில் எடுத்த புள்ளி கூகுள் படத்தில் 200 மீட்டர் தள்ளி விழுந்தால் காரணம் இதுதான்.

எவரெஸ்ட் என்ற ஒரே பெயரில் பல ஆரங்கள் இருப்பதையும் கவனியுங்கள்: 6377276.345, 6377299.151, 6377301.243. மேலே சொன்ன மூன்று எண்கள் கடைசி ஆரத்தோடு சேர்ந்தவை. வேறு ஆரத்தோடு சேர்த்தால் உயரத்தில் 25 மீட்டர் வரை புதிதாக முளைக்கும்.

பாலாற்றுத் தென்கரை:

உயரத்தைத் தனியாகச் செய்ய எத்தனை பிஎம் வேண்டும்? ரோவர் 124.6 என்கிறது, லோக்கலில் 100-ஐ ஒட்டிய எண், உண்மையில் 200-க்கு மேல். எதை எதோடு கட்டுவது என்றே குழப்பமாக இருக்கிறது.

ஆம்பூர் ரோவர்:

மூன்றும் மூன்று வேறு அடித்தளம். 124.6 எலிப்சாய்டிலிருந்து. 200-க்கு மேல் என்பது கடல்மட்டத்திலிருந்து, நம் நாட்டில் ஒன்பது கடலோர நிலையங்களை வைத்து 1909-இல் நிறுவிய மட்டம். 100.000 நீங்களே வைத்தது.

உயரத்துக்கு சைட் கேலிப்ரேஷன் ஒரு சாய்தளத்தைப் பொருத்துகிறது: ஒரு நகர்வு, வடக்கு–தெற்கு சாய்வு, கிழக்கு–மேற்கு சாய்வு. மூன்று எண்கள், ஆகவே மூன்று பிஎம்முக்கு ரெசிடுவல் சுழி. குறைந்தது ஐந்து வைத்து, மூலைகளில் நான்கு, நடுவில் ஒன்று. ஆட்டோ லெவலில் ஐந்தையும் மூடிய ஓட்டமாக இணையுங்கள், மூடல் பிழை 12√கி.மீ. மி.மீ.க்குள் இருக்கட்டும். டோட்டல் ஸ்டேஷனில் எடுத்த உயரத்தை வைத்துச் சாய்தளம் பொருத்த வேண்டாம், வெயில் நேரத்து ஒளிவிலகல் சாய்வாக உள்ளே நுழைந்துவிடும்.

சாய்வையும் எண்ணாகப் பாருங்கள். இஜிஎம் 2008 என்ற ஜியாய்டு மாதிரியிலிருந்து உங்கள் இடத்தின் நான்கு மூலைக்கும் ஜியாய்டு உயரத்தை எடுத்து வித்தியாசம் காணுங்கள். கேலிப்ரேஷன் தரும் சாய்வு அதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாமல் கிலோமீட்டருக்கு 5 செ.மீ., 6 செ.மீ. என்று கூடுதலாகச் சாய்ந்தால் ஒரு பிஎம் கெட்டிருக்கிறது, அல்லது ஒரு இடத்தில் கம்ப உயரத்தை 1.8-க்குப் பதில் 2.0 என்று போட்டிருக்கிறார்கள். இன்னும் நல்ல வழி: முதலில் ஜியாய்டு மாதிரியைப் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் நகர்வும் சாய்வும் பொருத்துவது. அப்போது சாய்வு சுழியை ஒட்டி வரும், தவறு உடனே கண்ணில் படும்.

ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் கடல்மட்ட உயரத்தை யாரும் பிஎம்மாக எடுக்காதீர்கள். அது பலகைக்கான எண், எந்தக் கல்லுக்கும் உரியது இல்லை.

ஏலகிரி கான்டூர்:

மலைக்கும் அடிவாரத்துக்கும் ஒரே கேலிப்ரேஷன் போதுமா?

ஆம்பூர் ரோவர்:

போதாது. ஜோலார்பேட்டையிலிருந்து ஏலகிரி மேலே 700 மீட்டர் அளவில் ஏறுகிறது. 64 மீட்டர் ஏற்றத்துக்கு 10 பிபிஎம் என்றால் 110 பிபிஎம் வித்தியாசம், கிலோமீட்டருக்கு 11 செ.மீ. ஒரே ஸ்கேல் இரண்டுக்கும் பொருந்தாது. உயரத்திலும் அப்படியே. மலையின் பொருண்மை ஜியாய்டைத் தூக்கும், அது சாய்தளமாக இருக்காது. சமவெளியில் பொருத்திய சாய்தளத்தை மலைமேல் நீட்டினால் எவ்வளவு பிழை என்று ரெசிடுவல் சொல்லாது. மேலே இரண்டு பிஎம்மாவது லெவல் செய்து சேர்க்க வேண்டும்.

ஜவ்வாது 57பி:

இந்த ஸ்கேல் தொல்லைக்கு நிரந்தர வழி, வேலைக்கென்றே ஒரு டிரான்ஸ்வர்ஸ் மெர்கேட்டர் (யுடிஎம்முக்கும் அடிப்படையான ப்ரொஜெக்ஷன், அதாவது புவியைத் தட்டையாக்கும் முறை) வரையறுத்துக்கொள்வது. பாலாற்று வேலைக்கு மத்திய தீர்க்கரேகை 79°08′, அதன்மேல் ஸ்கேல் 1.000020, அதாவது 125 மீட்டர் எலிப்சாய்டு உயரத்துக்கான திருத்தம். அப்போது கட்டத் தூரமும் தரைத் தூரமும் ஒன்றே. மத்திய ரேகையிலிருந்து 15 கி.மீ. தள்ளினாலும் 3 பிபிஎம்தான் கூடும். 30 கி.மீ.க்கு 11. டோட்டல் ஸ்டேஷன்காரர் ஸ்கேல் 1 என்று வைத்துக்கொண்டே வேலை செய்யலாம். நகர்வும் ஒரு சிறு சுழற்சியும் மட்டும் பொருத்தினால் போதும், ஸ்கேலைப் பூட்டிவிடலாம்.

சுழற்சிக்கும் பலன் உண்டு. யுடிஎம்மில் வேலூருக்குக் கட்ட வடக்கு உண்மை வடக்குக்கு மேற்கே 25 நிமிடம் சாய்ந்திருக்கும், 100 மீட்டருக்கு 73 செ.மீ. சொந்த மத்திய ரேகையில் அது மறைந்துவிடும்.

ஃபால்ஸ் ஈஸ்டிங், நார்த்திங் என்ற, ஆயத்தொலைவோடு கூட்டும் நிலையான எண்களை யுடிஎம்மோடு குழம்பாதபடி வையுங்கள். வேலூரின் யுடிஎம் கிழக்கு 2,97,000 அளவு, வடக்கு 14,29,000 அளவு. உங்கள் கட்டத்தில் 50,000 ஒட்டிய கிழக்கு வந்தால் எந்தக் கோப்பு எது என்று பார்த்ததும் தெரியும். யுடிஎம் கோப்பையே 1.000087-ஆல் வகுத்துத் ‘தரை ஆயத்தொலைவு’ என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 14,29,000-ஐ வகுத்தால் 124 மீட்டர் நகரும், ஆனால் எண் இன்னும் யுடிஎம் போலவே தெரியும். பிறகு வருபவர் அதை க்யூஜிஐஎஸ் மென்பொருளில் 32644 (யுடிஎம் 44-இன் குறியெண்) என்று திறப்பார்.

முச்சந்திக்கல்:

இதே இடத்தில் புல வரைபடத்தையும் மேலே போடுவீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் ஒரு வார்த்தை. எஃப்எம்பி (புல வரைபடம்) ஒவ்வொன்றும் ஜி-லைன் என்ற கோட்டை அடியாகக் கொண்டு ஆஃப்செட் (செங்குத்துத் தூரம்) அளந்தது. கொலாப்லேண்ட் மென்பொருளில் எண்மமாக்கிய தாள்களைக் கிராமமாகச் சேர்த்தாலும் அது தனக்குள் பொருந்திய படம், எந்தப் புவி ஆயத்தொலைவிலும் இல்லை. அதை யுடிஎம்மில் உட்கார்த்த கிராம முச்சந்திக் கற்களையும் (மூன்று கிராம எல்லை கூடும் இடத்துக் கல்) பழைய சர்வே கற்களையும் ரோவரில் பிடிக்க வேண்டும். ஐந்துக்குக் குறையாமல், கிராமத்தின் ஓரங்களைச் சுற்றி.

கல் கிடைத்ததும் மாற்றம் போட ஓடாதீர்கள். முதலில் கல்லுக்குக் கல் தூரத்தை எஃப்எம்பி அளவோடு ஒப்பிடுங்கள். டிராக்டர் ஓட்டும்போது பிடுங்கி வரப்பில் மறுபடி நட்ட கல் எத்தனையோ. தூரம் ஒத்துப்போகும் கற்களை மட்டும் மாற்றத்தில் சேருங்கள். பழைய அளவு லிங்க்கில் இருந்தால் ஒரு லிங்க் 0.201168 மீட்டர். 0.2 என்று போட்டால் 100 மீட்டருக்கு 58 செ.மீ. குறையும்.

மாற்றத்தில் அஃபைன் வேண்டாம், ரப்பர் ஷீட்டிங் (படத்தை ரப்பர் போல இழுத்துப் பொருத்துவது) கண்டிப்பாக வேண்டாம். அஃபைனின் 6 பாராமீட்டரில் கிழக்குக்கு ஒரு ஸ்கேல், வடக்குக்கு ஒரு ஸ்கேல், கூடவே சாய்வு. ரெசிடுவல் குறையும், ஆனால் நேர்கோண மூலை கோணலாகும், பட்டாவில் உள்ள பரப்பும் படத்தின் பரப்பும் பொருந்தாது. ஸ்கேலைப் பூட்டிவிட்டு நகர்வும் சுழற்சியும் மட்டும் போடுங்கள். பொருந்தாத புலம் பொருந்தாமலே தெரியட்டும், அங்கே கல்லைத் தேட வேண்டும் என்று அது சொல்கிறது. இப்படி எடுத்த கோடு திட்டமிடலுக்குத்தான். எல்லையை நிர்ணயிப்பது நில அளவைத் துறையின் அளவர்.

ஆம்பூர் ரோவர்:

கடைசியாக ஒன்று விட்டுப்போயிற்று. பேஸின் ஆயத்தொலைவு எங்கிருந்து வந்தது?

கோர்ஸ் (தொடர்ந்து இயங்கும் நிலையான ஜிபிஎஸ்) நிலையத்திலிருந்து என்டிரிப் (இணையம்) வழியாக எடுத்தால் அந்த நெட்வொர்க் வைத்திருக்கும் ஃப்ரேமிலும் (ஆயத்தொலைவின் அடித்தளம்) எபோக்கிலும் (இங்கே, எந்தத் தேதிக்கான நிலை என்பது) வரும். அதே கல்லில் நான்கு மணி நேரம் ஸ்டாட்டிக் எடுத்து ஆன்லைன் பிபிபி (பேஸ் இல்லாமலே துல்லிய நிலை கணக்கிடும்) சேவைக்கு அனுப்பினால், அளந்த நாளின் எபோக்கில் வரும். இந்தியத் தட்டு ஆண்டுக்கு 5 செ.மீ.க்குச் சற்று மேல் வடகிழக்காக நகர்கிறது. பெங்களூரில் உள்ள ஐஜிஎஸ் (பன்னாட்டு ஜிஎன்எஸ்எஸ் சேவை) நிலையத்தின் வேகமும் அதுதான், நமக்கும் அதையே போடலாம். இரண்டு எபோக்குக்கும் இடையே 10 ஆண்டு என்றால் அரை மீட்டருக்கு மேல் வித்தியாசம், இரண்டு அளவும் சரியாக இருக்கும்போதே.

ஒரே பேஸில் தொடங்கி ஒரே கேலிப்ரேஷனில் முடித்தால் இது தெரியாது, நகர்வு பாராமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆறு மாதம் கழித்து பேஸ் கல் காணாமல் போய், புதுக் கல்லுக்கு வேறு வழியில் ஆயத்தொலைவு எடுத்து, பழைய கேலிப்ரேஷன் கோப்பையே ஏற்றும்போதுதான் எல்லாப் புள்ளியும் ஒரே திசையில் ஒரே அளவு தள்ளி விழும். ஸ்கேல் சரியாக இருக்கும், ரெசிடுவலும் சரியாக இருக்கும். அதனால் வேலையில் சேர்க்காத இரண்டு சோதனைப் புள்ளிகளைத் தனியே வைத்திருங்கள், ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் அவற்றில் ஒன்றை அளந்து பாருங்கள்.

பாலாற்றுத் தென்கரை:

கே3–கே4, கே1–கே4 இரண்டையும் காலையில், இரண்டு முனையிலிருந்தும் அளந்தோம். கே3–கே4 பழைய அளவைவிட 71 மி.மீ. குறைவு, கே1–கே4 47 மி.மீ. கூடுதல். தூணின் அடியில் மேற்குப் பக்கம் குழாய்க்குத் தோண்டி மூடிய மண் தெரிகிறது. கே4-ஐ விலக்கி, நான்கு புள்ளியில் மாற்றம் வைத்திருக்கிறேன். தென்மேற்கில் புதுத் தூண் நடப்போகிறோம். அறிக்கையில் என்னென்ன எழுத வேண்டும்?

ஜவ்வாது 57பி:

புதுத் தூணைத் தோண்டிய மண்ணில் நடாதீர்கள். கான்கிரீட் போட்டு ஒரு வாரம் விட்டு, டோட்டல் ஸ்டேஷனில் கே1, கே3, கே5 மூன்றிலிருந்தும் கட்டி, பிறகு இரண்டு தடவை ஸ்டாட்டிக்.

அறிக்கையில் ஃப்ரேமும் எபோக்கும், பேஸ் ஆயத்தொலைவு வந்த வழி, ப்ரொஜெக்ஷனின் எல்லா எண்களும், மாற்றத்தின் நான்கு பாராமீட்டர்களும் எழுதுங்கள். சுழற்சி எந்தத் திசை கூட்டல் என்பது கட்டாயம். முன்கூட்டிக் கணக்கிட்ட ஸ்கேல் 1.000087, கிடைத்த ஸ்கேல், இரண்டையும் பக்கம் பக்கமாக வையுங்கள். ஐந்து புள்ளி ரெசிடுவலையும் நான்கு புள்ளி ரெசிடுவலையும் கொடுத்து, கே4 விலக்கப்பட்ட காரணமாக அந்த இரண்டு தூர அளவுகளை எழுதுங்கள். உயரத்துக்குச் சாய்வு எண்களும் ஜியாய்டு மாதிரியின் பெயரும். ஒரு சோதனைப் புள்ளியின் லோக்கல், யுடிஎம் இரண்டு ஆயத்தொலைவையும் மி.மீ. வரை கொடுங்கள். அடுத்தவர் தன் மென்பொருளில் பாராமீட்டரைப் போட்டு அந்தப் புள்ளி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கே4 கல்லின் மேல் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள், நகர்ந்தது தெரியாமல் யாராவது அதில் கருவியை நிறுத்தக் கூடாது.